அல்-உம்மா

கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். ஏ. பாஷா தொடங்கிய தீவிரவாத அமைப்பு. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டதை அடுத்த கொந்தளிப்பில் உருவானது. 1993 ஆகஸ்டு 8இல் சென்னை சேத்துப்பட்டு ஆர்.எஸ்.எஸ். அலுவலகக் குண்டுவெடிப்பில் 11 பேர் இறந்தபின் இப்பெயர் பரவலாக அடிபட்டது.

கோவையில் கோட்டைமேடு, உக்கடம் பகுதிகளே இதன் களம். ஏற்கெனவே அங்கே இந்து முன்னணிக்கும் முஸ்லிம் அமைப்புகளுக்கும் பகை முற்றியிருந்தது. 1997 நவம்பர் 29 அன்று போக்குவரத்துக் காவலர் செல்வராஜ் குத்திக் கொல்லப்பட்டார். மறுநாள் மூண்ட கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் முஸ்லிம்கள் 18 பேர் மாண்டனர். முஸ்லிம்களின் கடைகள் சூறையாடப்பட்டன. காவல்துறையினரே கலவரக்காரர்களுக்குத் துணைபோனதாக எழுந்த புகாரை ஒதுக்கிவிட்டு, அடுத்து நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் அந்தப் புகார் கொலைக்கு நியாயமும் ஆகாது.

1998 பிப்ரவரி 14, தேர்தல் பிரசாரத்துக்கு பா.ஜ.க. தலைவர் எல். கே. அத்வானி வரவிருந்த மாலை. கடைவீதி, மருத்துவமனை, ரயில் நிலையம் என நகரெங்கும் அல்-உம்மா வைத்த குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்தனர். அத்வானியின் விமானம் தாமதமானதால் அவர் தப்பினார். இறந்தவர்களில் பலர் அரசியலுக்குத் தொடர்பே இல்லாத வழிப்போக்கர்கள்.

அமைப்பை அரசு உடனே தடை செய்தது. குண்டுவெடிப்பு வழக்கில் 2007இல் தனி நீதிமன்றம் பாஷாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே வழக்கில் கைதாகியிருந்த கேரள அரசியல்வாதி அப்துல் நாசர் மதானி ஒன்பதாண்டுச் சிறைவாசத்துக்குப்பின் விடுதலையானார். பாஷா 2024 டிசம்பரில், பரோலில் இருந்தபோது காலமானார்.