கல்பாசியின் மேல் ஒரு குடியேற்றம்

திருப்பூர் மளிகைக் கடைகளில் பட்டை, கிராம்போடு விற்கும் கல்பாசியைப் பாசியென்றே நாம் கருதுகிறோம். அது லைக்கன், பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் கூட்டுயிர். இதனை 1867-இல் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் அறிவித்தபோது, நைலாண்டர் போன்ற பேரறிஞரே ஏற்க மறுத்தனர்.

அதற்கும் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1852-இல், பிரான்சின் லூயி ரெனே துலான், கல்பாசிக் குடும்பத்து லைக்கன்களின் மீது சிறு பழுப்புத் தட்டுகளாய் முளைக்கும் ஓர் உயிரை விவரித்து அதற்குப் பெயரும் இட்டார். இன்று அதன் பெயர் நெசோலெக்கியா ஆக்சிஸ்போரா. தான் ஒட்டிய இடத்தை அது புடைக்கச் செய்யும். அது பூஞ்சையா, லைக்கனா என்பதில் அக்கால அறிஞரிடையே தெளிவில்லை.

துலான் சட்டம் பயின்றவர். தம்பி ஷார்லோ மருத்துவர். அண்ணனுக்காகத் தம் தொழிலையே துறந்து, அவர் நூல்களுக்குப் படம் வரைந்தார். 1861 முதல் 1865 வரை இலத்தீனில் மூன்று தொகுதிகளாய் வெளிவந்த அவர்களது பூஞ்சை நூலின் ஓவியங்களை விஞ்சியவை அரிது என்பேன். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடைய அச்சகோதரர்கள் பின்னர் தென்பிரான்சின் இயேர் நகரில் அறப்பணியில் வாழ்ந்து, 1884-இலும் 1885-இலும் அங்கேயே மறைந்தனர்.

அவர்கள் காலத்துப் புதிரை நம் நூற்றாண்டின் மரபணு ஆய்வு அவிழ்த்தது. அவ்வுயிர் பூஞ்சையே. ஆனால் அந்நியமன்று, கல்பாசியின் குடும்பத்திலேயே பிறந்து, துணைப் பாசியை இழந்து, இப்போது உறவினர் வீட்டில் உண்டு வாழ்கிறது.