எல்லை தாண்டிய குழந்தை வழக்குகளில் இந்திய நீதிமன்றங்களின் அதிகாரம்

வெளிநாட்டில் குடும்பம் நடத்திய தம்பதியர் பிரிகிறார்கள். ஒருவர் குழந்தையுடன் இந்தியாவுக்கு வந்துவிடுகிறார். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு? இதற்கென்று இந்தியாவில் தனிச்சட்டம் இல்லை. விதிகள் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில்தான் உருவாயின. தீர்ப்புக்குத் தீர்ப்பு மாறவும் செய்தன.

கையில் இருப்பது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம். சிறுவர் வழக்கமாக வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றமே மனுவை விசாரிக்கலாம் என்கிறது அதன் 9ஆம் பிரிவு. குடும்ப நீதிமன்றங்கள் அமைந்த இடங்களில் அந்த அதிகாரம் அவற்றிடம் சென்றது. மூன்று மாதம் முன்பு லண்டனிலிருந்து வந்திறங்கிய குழந்தை 'வழக்கமாக வசிப்பது' எங்கே? கப்பல் பயணக் காலத்துச் சட்டம் இதற்கு விடை வைத்திருக்கவில்லை. எனவே பெற்றோர் பலர் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றங்களை நாடினர்.

திசைகாட்டிய தீர்ப்பு 1984இல் வந்தது. இங்கிலாந்தில் மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ய முயன்று தண்டனை பெற்ற ஒருவர், அந்த மனைவியே பரிந்துபேசியதால் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டார். பின்னர் மகனைத் தூக்கிக்கொண்டு பஞ்சாபுக்கு வந்துவிட்டார். தாய் இங்கிலாந்தில் ஆலைத் தொழிலாளி. பஞ்சாப்-ஹரியாணா உயர் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளியது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு குழந்தையைத் தாயிடமே ஒப்படைத்தது. குழந்தையின் வாழ்வோடு மிக நெருங்கிய தொடர்புள்ள நாடு, பெற்றோர் குடும்பம் நடத்திய நாடுதான். அதிகாரமும் அந்நாட்டு நீதிமன்றத்துக்கே என்பது அத்தீர்ப்பின் சாரம். 1986இல் மிச்சிகனிலிருந்து புணேவுக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தையும் இதே போக்கில் அமெரிக்கத் தாயிடம் திரும்பியது.

1997இல் காற்று திசைமாறியது. கைக்குழந்தையாக அமெரிக்காவிலிருந்து தாயோடு வந்த சிறுவன், வழக்கு முடியும்போது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இங்கே வளர்ந்திருந்தான். அவனைத் திருப்பியனுப்ப உச்ச நீதிமன்றம் மறுத்தது. கனடாவிலிருந்து மேல்முறையீடாக வந்த வழக்கொன்றில் பிரிவி கவுன்சில் 1951இல் சொன்னதை நீதிபதி எம். ஜகந்நாத ராவ் துணைக்கு எடுத்தார்: வெளிநாட்டு ஆணைக்கு மதிப்பு உண்டு, ஆனால் குழந்தையின் நலனே முதன்மையானது. குழந்தை வந்து அதிக நாள் ஆகாவிட்டால் சுருக்க விசாரணையில் திருப்பியனுப்பலாம். வேரூன்றிவிட்டால் முழு விசாரணை வேண்டும் என்ற வேறுபாடு இங்கே தெளிவாயிற்று. இந்த வழக்குகளின் வேதனையும் இதில்தான் இருக்கிறது. வாய்தா வாங்கி இழுத்தடிக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தை புதுப் பள்ளியிலும் புது மொழியிலும் வேர்விடுகிறது. தாமதமே ஒரு தரப்பின் வாதமாகிவிடுகிறது.

தமிழ்நாட்டைத் தொட்ட வழக்குகள் இரண்டு. நியூயார்க் நீதிமன்ற ஆணையை மீறி 2007இல் அழைத்துவரப்பட்ட ஒரு சிறுவனையும் தாயையும் சிபிஐ 2009 அக்டோபரில் சென்னையில் கண்டுபிடித்தது. சிறுவனை அமெரிக்காவுக்கு அழைத்துச்செல்லத் தாய்க்கு உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், பயணச் செலவையும் தங்குமிடத்தையும் தந்தை ஏற்க வேண்டும் என்றது. மற்றொன்றில், பிரிட்டனில் வாழ்ந்த தாய் 2012இல் இரு மகள்களுடன் கோயம்புத்தூர் வந்து விவாகரத்து மனு போட்டார். தந்தை பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் ஆணை பெற்றார். முதலில் பயனுள்ள ஆணை பிறப்பித்த நீதிமன்றத்துக்கே முன்னுரிமை என்று 2015இல் நீதிபதி மதன் லோகூர் அமர்வு தந்தை பக்கம் தீர்ப்பளித்தது. முந்திக்கொண்டவருக்கே பரிசு தரும் விதி இது. 2017இல் நீதிபதி ஏ.எம். கான்வில்கர் எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. வெளிநாட்டு ஆணை கவனிக்க வேண்டிய காரணிகளில் ஒன்று மட்டுமே என்றது. ஆனாலும் 2019, 2020 தீர்ப்புகளில் குழந்தைகள் மறுபடி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர்.

1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை இதை எளிமையாக்குகிறது: 16 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பழகிய நாட்டுக்கே அனுப்பு, யாரிடம் வளர்வது என்பதை அந்நாடு முடிவுசெய்யட்டும். இலங்கை 2001இலேயே சேர்ந்து சட்டமும் இயற்றியது. இந்தியா சேரவில்லை. சேரலாம் என்று சட்ட ஆணையம் 2009இல் பரிந்துரைத்தது. அடிக்கும் கணவனிடமிருந்து தப்பி வரும் தாயைக் கடத்தல்காரி ஆக்கிவிடக்கூடாது என்ற கவலை நீதிபதி ராஜேஷ் பிந்தல் குழுவின் 2018 அறிக்கையில் அழுத்தமாக ஒலித்தது. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் சேராமல் இருப்பதற்கும் விலை உண்டு. 2020 அக்டோபரில், நைரோபி நீதிமன்றத்தில் அதே நிபந்தனைகளுடன் பிரதி ஆணை பெற்றுவரச் சொல்லி, ஒரு சிறுவனைக் கென்யாவில் வாழும் தந்தையிடம் அனுப்ப உச்ச நீதிமன்றம் இசைந்தது. தந்தை நிபந்தனைகளை மீறினார். ஓராண்டில் அந்த ஆணையைத் திரும்பப் பெற்ற நீதிமன்றம், சிபிஐ விசாரணைக்கும் உத்தரவிட்டது. 2022இல் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது.

ஜீவனாம்சத்தின் பாதை வேறு. அங்கே கேள்வி குழந்தை எங்கே என்பதல்ல, கொடுக்க வேண்டியவர் எங்கே என்பது. ஆப்பிரிக்காவில் வேலை பார்த்த கணவர்மீது மனைவி தொடுத்த வழக்கில், அவர் ஊருக்கு வந்து தங்கியிருக்கும் இடத்திலும் மனுப் போடலாம் என்று 1963இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பேரரசுப் பகுதிகளுக்கிடையே ஜீவனாம்ச ஆணைகளை நிறைவேற்ற 1921இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி, பரஸ்பர நாடுகளாக அறிவிக்கப்பட்ட பிரிட்டன், சிங்கப்பூர், 2020இல் சேர்ந்த ஐக்கிய அரபு அமீரகம் போன்றவற்றின் மேல்நிலை நீதிமன்றங்கள் இடும் பணத் தீர்ப்பாணைகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கோரலாம். அமெரிக்கா அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே பெற்ற தீர்ப்பை வைத்துப் பணம் கேட்பவர் இங்கே புது வழக்கே போட வேண்டும், அதுவும் மூன்று ஆண்டுகளுக்குள்.