வீடணன் வழக்கு: ஒரு நீண்ட விவாதத்தின் வரலாறு

இராமாயணத்தில் பகைவர் அணியிலிருந்து இராமன் அணிக்கு வந்து சேரும் முக்கியத் துணைவன் வீடணன். தமிழில் அவன் பெயரைக் கேட்டதும் இரண்டு தீர்ப்புகள் நினைவுக்கு வரும். ஒன்று, அண்ணன் இராவணனின் அநீதியை விட்டு அறத்தின் பக்கம் நின்றவன் என்பது. மற்றது, உடன்பிறந்தவனைக் காட்டிக்கொடுத்து முடிசூடியவன் என்பது. கோயில், கூத்துக்களம், பட்டிமன்ற மேடை, அரசியல் கூட்டம் என்று இடம் மாறும்போதெல்லாம் இந்த வழக்கும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. இலங்கையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தமிழ் மேடையில் குற்றம் சாட்டப்பட்டு நிற்கும் அதே வீடணன், களனியில் தெய்வமாக வணங்கப்படுகிறான்.

கடற்கரையில் நடந்த முதல் விவாதம்

வீடணனைச் சேர்க்கலாமா கூடாதா என்ற கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் வாசகர்கள் அல்லர், இராமனின் படைத்தலைவர்களே. வால்மீகியின் யுத்த காண்டத்தில், இராவணன் அவையில் அவமதிக்கப்பட்ட வீடணன் நான்கு துணைவரோடு கடலைக் கடந்து வந்து வானில் நிற்கிறான். கீழே கூட்டம் கூடுகிறது. வந்திருப்பவன் ஒற்றன், கொன்றுவிட வேண்டும் என்கிறான் சுக்கிரீவன். சோதித்துப் பார்க்கலாம் என்கிறான் அங்கதன். வந்த இடமும் நேரமும் ஐயத்துக்குரியவை என்கிறான் சாம்பவான். அனுமன் ஒருவனே சேர்த்துக்கொள்ளச் சொல்கிறான். அவன் காட்டும் காரணம் கூர்ந்து பார்க்கத்தக்கது: வாலி கொல்லப்பட்டுச் சுக்கிரீவன் அரசனானதை வீடணன் அறிவான், தானும் அரசு பெறலாம் என்று கருதி வந்திருக்கிறான். வீடணனுக்காகப் பேசியவனே அவன் உள்ளத்தில் அரச ஆசை இருப்பதாகச் சொல்கிறான். பிற்காலத்தில் எதிர்த்தரப்பு எடுத்த முதல் ஆயுதம் இதுதான்.

ஆபத்தில் அண்ணனைக் கைவிட்டவன் வேறு யாரைத்தான் கைவிட மாட்டான் என்று சுக்கிரீவன் மீண்டும் கேட்கிறான். கேட்பவனோ, தன் அண்ணன் வாலியை இராமன் அம்பால் வீழ்த்தச் செய்தவன். எல்லாத் தம்பிகளும் பரதன் ஆவதில்லை என்கிறான் இராமன்; அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடுவதில்லை என்பதே தன் விரதம் என்று முடிக்கிறான். இலக்குவன் கடல்நீர் கொண்டுவர, வீடணனுக்கு இலங்கை அரசனாக அங்கேயே முடிசூட்டப்படுகிறது. போர் தொடங்கும் முன்பே பரிசு கைக்கு வந்துவிட்டது என்பது எதிர்த்தரப்பின் இரண்டாவது ஆயுதம்.

கம்பன் வைத்த எதிர்த்தட்டு

கம்பனும் இந்தக் கூட்டத்தைப் பாடுகிறான். அவனுடைய அனுமன், தூதனைக் கொல்லக்கூடாது என்று இலங்கை அவையில் வீடணன் பேசியதைச் சான்றாக வைக்கிறான். குகன், சுக்கிரீவனுக்குப் பின் வீடணனையும் இராமன் உடன்பிறப்பாக ஏற்று, தன்னோடு சேர்த்துச் சகோதரர் எண்ணிக்கையை ஏழாக்குவதும் கம்பனில் புகழ்பெற்ற இடம்.

ஆனால் தமிழில் இந்த வழக்கு இத்தனை காலம் முடியாமல் நின்றதற்குக் காரணம் கம்பனின் கும்பகருணன்தான். இராவணன் செய்தது தவறு என்று அவன் முகத்துக்கு நேரே சொல்பவன் கும்பகருணன். ஆயினும் போர்க்களம் போகிறான். தன் பக்கம் வந்துவிடு என்று வீடணன் களத்துக்கே வந்து அழைக்கும்போது, தன்னை நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் திரும்புவதில்லை என்று மறுக்கிறான். தம்பியைக் கடிந்து விரட்டுவதுமில்லை. நீ போய் வாழ் என்று அனுப்பிவைக்கிறான். மூக்கும் காதும் இழந்து சாகும் தறுவாயில் இராமனிடம் இரண்டு வேண்டுகிறான்: வீடணனைக் காக்க வேண்டும், மூக்கற்ற தன் தலையை யாரும் பார்க்காதபடி கடலில் வீழ்த்த வேண்டும். ஒரே தவற்றைக் கண்ட இரண்டு தம்பியர், இரண்டு முடிவுகள். செஞ்சோற்றுக்கடன் என்ற சொல் தமிழ் மேடைகளில் ஒலிக்கும்போது மகாபாரதத்துக் கர்ணனுக்கு அடுத்து நினைக்கப்படுபவன் இந்தக் கும்பகருணனே.

வீடணனுக்கு எதிரான கடுமையான சொல்லைப் பேசுபவன் இந்திரசித்து. நிகும்பலையில் அவன் செய்யும் வேள்வியைக் குலைக்கும் வழியைச் சொல்லி, இலக்குவனை அங்கே அழைத்து வருபவன் சிறிய தந்தையான வீடணன். குணம் குறைந்தாலும் தன் இனமே தன் இனம், எவ்வளவு நல்லவனானாலும் அயலான் அயலானே என்ற வாதத்தை இந்திரசித்தின் வாயில் வைக்கிறார் வால்மீகி.

கோயில் தந்த தீர்ப்பு

வைணவ மரபில் இந்த வழக்கு ஒரு பக்கமாகவே முடிந்தது. அடைக்கலம் புகுவோரை இறைவன் ஏற்பதற்கு வீடணன் வந்து சேர்ந்த நிகழ்ச்சியே தலையாய சான்று. வேதாந்த தேசிகர் இந்த ஒரு நிகழ்ச்சியை விளக்கவே 'அபயப்ரதான ஸாரம்' என்ற தனிநூல் எழுதினார். இராமன் கொடுத்த விமானத்தை வீடணன் இலங்கைக்குக் கொண்டு செல்லும் வழியில் காவிரிக் கரையில் இறக்கிவைக்க, அது அங்கேயே ஊன்றிவிட்டது என்றும், அதனால் திருவரங்கத்து அரங்கன் தென்திசை இலங்கையை நோக்கிக் கிடக்கிறான் என்றும் தலபுராணம் சொல்லும். இராமேசுவரம் தீவில், தனுஷ்கோடி செல்லும் வழியில் உள்ள கோதண்டராமர் கோயில் வீடணன் அடைக்கலம் புகுந்த இடமாகக் கருதப்படுகிறது.

களனியின் காவல் தெய்வம்

பாக்கு நீரிணைக்கு இப்பால் வீடணன் வேறு வடிவம் பெற்றான். இராமாயண முடிவின்படி அவன் இலங்கையின் அரசன், சிரஞ்சீவி. இந்தத் தகுதியில் அவன் சிங்கள பௌத்த மரபில் நாட்டைக் காக்கும் தெய்வங்களுள் ஒருவனானான். கம்பளை அரசன் நான்காம் புவனேகபாகு காலத்தில், 1344இல் எழுந்த இலங்காதிலக விகாரையில் சமன், கணபதி முதலிய தெய்வங்களோடு வீடணனுக்கும் இடம் உண்டு. கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகுவின் காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், தொட்டகமுவே ஸ்ரீ ராகுல தேரர் பாடிய 'செலலிஹிணி சந்தேசய' ஒரு பறவை விடு தூது. தூது செல்லும் இடம் களனி. பெறுபவன் அங்கே கோயில் கொண்ட வீடணன். வேண்டுவது அரசன் மகள் உலகுடைய தேவிக்கு ஆண்மகவு. இங்கே அவன்மேல் காட்டிக்கொடுத்தவன் என்ற நிழலே இல்லை.

களனி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மேலே வந்தால் அவிசாவளை. மாயாதுன்னையும் அவன் மகன் முதலாம் இராசசிங்கனும் ஆண்ட 16ஆம் நூற்றாண்டுச் சீதாவாக்கை அரசின் தலைநகர் இது. சீதாவாக்கை என்ற பெயரையே சீதையோடு சேர்த்துச் சொல்வது மக்கள் வழக்கு. சைவத்தைத் தழுவிய இராசசிங்கன் கட்டத் தொடங்கி முடிவுறாமல் நின்ற பைரவர் கோயிலின் சிதைவு, 'பெரெண்டி கோவில்' என்ற பெயரில் இன்றும் அங்கே இருக்கிறது. அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வீதியில் சென்றால் எஹலியகொட. அது சபரகமுவ, சமன் தெய்வத்தின் நாடு. மேலே சமன், கீழே வீடணன் என்று இரண்டு காவல் தெய்வங்களின் எல்லைகளுக்கு இடையில்தான் தோட்டத் தமிழர் வந்து குடியேறினர்.

தோட்டத்துக்கு வந்தவையும் வராதவையும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கிலும் சபரகமுவவின் தாழ்நிலங்களிலும் இறப்பர் பரவியது. அவிசாவளைக்கு வந்திருந்த குறுகிய பாதை இரயில், எஹலியகொட வழியாக 1912இல் இரத்தினபுரியை எட்டியது. 1976இல் அவிசாவளைக்கு அப்பால் அது நிறுத்தப்பட்டது. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, பிறகு கடல் கடந்த தொழிலாளர் பலர் அந்த வழியே வந்தவர்கள். வீடணன் கடல் கடந்து இறங்கியதாகச் சொல்லப்படும் கரையைத் தாண்டியே, அவன் விட்டுவந்ததாகச் சொல்லப்படும் தீவுக்கு அவர்கள் வந்தார்கள். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அதே ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; கோதண்டராமர் கோயில் நின்றது. திரும்பிச் சென்றவர்களின் கப்பல் இராமேசுவரத்தில் கரை சேர்ந்தது.

விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பகலில் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வாழ்ந்த மக்கள் லயங்களில் வளர்த்த கூத்துகளுள் முதன்மையானவை மூன்று: காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். வீடணன் கதை இவற்றுள் இல்லை. ஆனால் அவன் வழக்கின் கரு இருக்கிறது. பொன்னர் சங்கர், பிரியாத அண்ணன் தம்பியரின் கதை. அவர்களுக்காக உயிரை மதியாத துணைவன் சாம்புவன். மாசியில் ஆடும் காமன் கூத்தில், சிவன் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மன்மதனை ரதி தடுக்கிறாள். கெட்ட கனாக்களைச் சொல்லிப் போகாதே என்கிறாள். தேவர்கள் கேட்டுக்கொண்டதை மறுக்க முடியாது என்று அவன் போகிறான், எரிகிறான். அழிவு என்று தெரிந்தே கடமைக்குப் போகும் இந்த மன்மதன், ஒருவகையில் கும்பகருணனின் கட்சி. விடியும்வரை சுற்றி நின்று பார்ப்பவர்கள் அவன் பேச்சையும் ரதியின் பேச்சையும் மாறிமாறிக் கேட்கிறார்கள்.

கதையை வாதமாக்கிப் பாடுவதும் தமிழுக்குப் பழையதே. தஞ்சைப் பகுதி லாவணியில் காமன் எரிந்தானா இல்லையா என்று 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' இரண்டாகப் பிரிந்து, டேப்பைத் தட்டி இரவெல்லாம் எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள்.

பட்டிமன்றத்தில் வீடணன்

பட்டிமண்டபம் என்ற சொல் காப்பியங்களிலேயே உண்டு. இந்திர விழாவின்போது சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடலாம் என்று முரசறைவதை மணிமேகலை சொல்கிறது. கம்பனும் அயோத்தியில் ஒன்றைக் காட்டுகிறான். அந்த அறிஞர் சபை, காவிய மாந்தரை வழக்கில் நிறுத்தும் மக்கள் நிகழ்ச்சியாக வளர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் ஆண்டு விழாக்கள் இதற்குப் பெரும் களமாயின. குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்து பட்டிமன்றத்துக்குப் பெருமை சேர்த்தார். இலங்கையில் கம்பவாரிதி இ. ஜெயராஜும் நண்பர்களும் 1980இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய கம்பன் கழகம் பின்னர் கொழும்பிலும் விழா எடுத்தது. பட்டிமன்றத்தோடு, ஒரு பாத்திரத்தின்மேல் குற்றம் சுமத்தி வாதாடும் வழக்காடு மன்றமும் மேடை கண்டது.

உயர்ந்தவன் வீடணனா கும்பகருணனா என்பது இம்மேடைகளுக்கு வாய்ப்பான தலைப்பு. ஒரு தரப்பு கேட்கும்: எடுத்துச் சொல்லியும் கேளாத அரசனுக்கு எதுவரை துணை நிற்பது? மறுதரப்பு கேட்கும்: அவையை விட்டு விலகியிருக்கலாம், படை இரகசியத்தை ஏன் சொன்னான்? விலகுவதும் எதிரணியில் சேர்வதும் ஒன்றல்ல என்ற இடத்தில்தான் வாதம் சூடுபிடிக்கும். நடுவர் இருவரையும் பாராட்டி ஒருவருக்குத் தீர்ப்புச் சொல்வது வழக்கம். கடன் தீர்த்ததில் கும்பகருணன், அறம் தெளிந்ததில் வீடணன் என்று பிரித்துக் கொடுப்பதும் உண்டு.

தீர்ப்பு மாறிய மேடைகள்

திராவிட இயக்கம் இந்த நீதிமன்றத்தையே மாற்றியது. கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் எரிக்க வேண்டுமா என்பதுபற்றி அண்ணாதுரை 1943 பிப்ரவரியில் சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், மார்ச்சில் சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் வாதிட்டார். அந்த உரைகள் 'தீ பரவட்டும்' என்று நூலாயின. அவருடைய 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில் இராவணன் தன்மேல் சொல்லப்பட்ட தீர்ப்பை மறுத்து வழக்காடுகிறான். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வெளிவந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் தடை நீங்கியது. இராவணன் தமிழ்த் தலைவனானதும் வீடணன் இனத் துரோகி ஆனான்; கட்சி மாறியவரை விபீஷணன் என்று ஏசுவது மேடை வழக்கமாயிற்று. இது தமிழுக்கு மட்டும் உரிய திருப்பம் அன்று. வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861இல் எழுதிய 'மேகநாதவத காவியம்', இந்திரசித்தை வீரனாக்கி வீடணனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது.

அண்மைக்காலத்தில் இலங்கையிலும் இது நேர்ந்தது. சிங்களவரிடையே இராவணனைத் தீவின் ஆதி வீரனாகப் போற்றும் அலை எழுந்தது. 2019இல் விண்ணுக்குச் சென்ற நாட்டின் சிறு செயற்கைக்கோளுக்கு 'இராவணா-1' என்று பெயரிடப்பட்டது. இராவணன் நாயகனாகும் இடத்தில் வீடணன் அயலாருக்கு வழிகாட்டியவன் ஆகிறான். திராவிட மேடை சொன்ன தீர்ப்பையே, வேறு இனத்தின் பெயரால், இந்த அலையும் சொல்கிறது. ஆனால் களனியில் அவனுக்கு வழிபாடு நிற்கவில்லை.

இந்த நீண்ட வரலாற்றில் வீடணன் செய்தது எதுவும் மாறவில்லை. அடைக்கலத்தை முதலாக வைத்த வைணவத்தில் அவன் அடியவன். நாட்டுக் காவலை முதலாக வைத்த கோட்டை அரசவையில் தெய்வம். இனத்தை முதலாக வைத்த மேடைகளில் துரோகி. பட்டிமன்றம் ஒன்றுதான் எதையும் முதலாக வைக்காமல் இரு தரப்புக்கும் சம நேரம் கொடுத்து, அடுத்த விழாவில் அதே தலைப்பை மறுபடியும் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது.