ஆண் கருவள நச்சுச் சோதனை

வேதிப்பொருள் ஒன்று ஆணின் விந்தகத்தையோ விந்தணுவையோ கெடுக்கிறதா என ஆய்வகத்தில் கண்டறியும் முறைகளின் தொகுதி. லேவன்ஹூக் 1677இல் விந்தணுக்களை நுண்ணோக்கியில் கண்டார். வேலைத்தல நச்சை அறிய அவற்றை எண்ணும் வழக்கமோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் வேரூன்றியது.

அதற்குத் திருப்புமுனை, டிபிசிபி எனும் டைபுரோமோகுளோரோபுரோப்பேன். வேர்களைத் தாக்கும் நூற்புழுக்களைக் கொல்ல 1950களில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மருந்து இது. இதைச் சுவாசித்த எலிகளின் விந்தகம் சுருங்கியது 1961இலேயே ஆய்விதழில் வெளியானது. அந்த எச்சரிக்கை தொழிலாளரை எட்டாமலே 16 ஆண்டுகள் கழிந்தன. இவ்வரலாற்றில் மன்னிக்க முடியாத பகுதி அதுதான். 1977இல் கலிபோர்னியாவின் லாத்ரப்பில் இம்மருந்தைக் கையாண்ட தொழிற்சாலையில், தங்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தொழிலாளர்களே தமக்குள் பேசி உணர்ந்தார்கள். பிறகே விந்துப் பரிசோதனை நடந்தது. பலருக்கு எண்ணிக்கை மிகக் குறைவு, சிலருக்கு விந்தணுவே இல்லை. டெஸ்டோஸ்டிரோன் இயல்பாக இருந்ததால் உடம்பில் வேறு அறிகுறி தெரியவில்லை. விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன் இரத்தத்தில் உயர்ந்திருந்ததும் விந்தகப் பழுதைக் காட்டியது. 1979இல், ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக, அமெரிக்கா இம்மருந்தை நிறுத்தியது.

விலங்குச் சோதனையில் நெடுநாள் கைக்கொண்ட வழி, நஞ்சூட்டிய எலிகளை இணைசேர்த்துக் குட்டிகளை எண்ணுவது. இதில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. எலிக்கு விந்தணு தேவைக்கு மேல் ஏராளம். உற்பத்தி பெருமளவு விழுந்தாலும் குட்டிகள் பிறக்கும். மனிதனுக்கு அந்த உபரி இல்லை. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1983இல் வகுத்த இருதலைமுறைச் சோதனையை 2001இல் திருத்தியபோது, விந்தணுவின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றையும் அளக்கச் சொன்னது. எலியில் விந்தணு உருவாக 50 நாளுக்கு மேல் ஆகும். அதனால் இணைசேர்க்குமுன் ஆண் எலிக்கு 10 வாரமாவது நஞ்சூட்டுகிறார்கள். மனிதனில் விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும்.

1980இல் உலக சுகாதார நிறுவனம் விந்துப் பரிசோதனைக் கையேட்டை வெளியிட்டது. அதே ஆண்டு டொனால்ட் எவன்சன் குழு, எண்ணிக்கையில் தெரியாத டிஎன்ஏ சிதைவைச் சாயமேற்றி அளக்கும் வழியை அறிவித்தது. 2011இல் யோகோஹாமாவில் டகேஹிகோ ஒகாவா குழு சுண்டெலி விந்தகத் துண்டுகளை வளர்ப்புத் தட்டில் வைத்தே விந்தணு உருவாக்கியதால், விலங்குகளைக் குறைத்துச் சோதிக்கும் வாய்ப்பும் திறந்திருக்கிறது.

விந்தகத் திசுவைச் சீவி நுண்ணோக்கியில் பார்ப்பதே இன்றும் மிகக் கூர்மையான சோதனை. மனிதரிடம் அதை வழக்கமாகச் செய்ய இயலாது. ஆகவே இத்தகைய நச்சுகளோடு வேலை செய்யப்போகும் ஆண்களுக்கு, விரும்பினால், பின்னர் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் விந்துப் பரிசோதனையை வேலையில் சேரும்போதே செய்துவைக்க வழி இருக்க வேண்டும்.