பிறநாட்டில் மண் சுமந்தோர்

கிறித்தவத் திருச்சபைகள் பிறநாடுகளில் ஆற்றிய பணிகளை ஆராய்வோர் போதனை, கல்வி, மருத்துவம், அச்சு என்பனவற்றைப் பற்றியே விரித்தெழுதுவர். ஈழத்துத் தமிழராகிய நமக்கும் அதுவே இயல்பு. 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமாரை நாம் வட்டுக்கோட்டைச் செமினறியாலும் மானிப்பாய் வைத்தியசாலையாலுமே நினைவு கூர்கின்றோம். அவர்களுட் பலர் இங்கேயே பல்லாண்டு வாழ்ந்தனர், தமிழ் கற்றனர், சிலர் இம்மண்ணிலேயே அடங்கினர். அவர்களுடைய நோக்கத்தை ஏற்காதோரும் இவ்வுண்மையை மறுத்திலர்.

இருபதாம் நூற்றாண்டிலோ அத்திருச்சபைகளிலிருந்து வேறொரு வகையினர் புறப்பட்டனர். இவர் போதகரல்லர், வைத்தியருமல்லர். ஆசிரியர், மாணாக்கர், கடைக்காரர், இளைப்பாறியோர் எனப் பலதிறப்பட்ட இவர்கள் தம் செலவிலே தூரதேசத்துக் கிராமமொன்றை அடைந்து, அங்கே கல் சுமந்து, மண் வெட்டி, வீடோ பாடசாலையோ கட்டிக் கொடுத்து மீள்வர். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600,000 பேர் இத்தகைய குறுங்காலப் பயணங்களை மேற்கொண்டனரென்று சமூகவியலறிஞர் றொபேட் வுத்நோ மதிப்பிட்டார். அனைவரும் கட்டடவேலைக்கே சென்றாரல்லர். ஆயினும் கட்டடவேலை அப்பயணங்களிற் பெரும்பங்கு பெற்றது. அவர்களுடைய நல்லெண்ணத்தை ஐயுறுதற்கு இடமில்லை. ஆராயத்தக்கது வேறொன்று. அவ்வூரார்க்கு அக்கைகள் வேண்டியிருந்தனவா? வேலையின் தலைமை எவரிடத்து இருந்தது?

இவ்வகைத் தொண்டின் தொடக்கத்தை முதலாம் உலகப்போரின் இடிபாடுகளிடையே காணலாம். போரை மறுக்குங் கொள்கையினரான குவேக்கர் என்னுங் கிறித்தவப் பிரிவினர், போர் நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே பிரான்சின் அழிந்த கிராமங்களில் வீடு கட்டலாயினர். போர் முடிந்தபின், 1919 இல், ஒல்லாந்திலுள்ள பில்தோவன் என்னுமிடத்திற் பலநாட்டுக் கிறித்தவ அமைதிவாதிகள் கூடினர். அவ்வியக்கத்தின் செயலாளராய் அமைந்தவர் பியேர் செரசோல் என்னும் சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர். 1873 இல் அந்நாட்டின் சனாதிபதியாயிருந்தவரின் மகன் அவர். படைச்சேவைக்கு ஈடான வரியைச் செலுத்த மறுத்துச் சிறை புகுந்தவர். மாநாட்டுப் பேச்சுக்களில் அவருக்குச் சலிப்பு உண்டாயிற்று. 1920 நவம்பரில், வெர்டன் போர்க்களத்தை அடுத்து முற்றாய் அழிந்துகிடந்த ஏன் என்னும் சிற்றூருக்கு அவரும் சில தோழரும் சென்று வேலை தொடங்கினர். அச்சிறு குழுவில் யேர்மானியரும் இருந்தனர். அழித்த நாட்டார் கட்டித்தர வந்ததை அதிகாரிகள் பொறுத்திலர். சில மாதங்களில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

தோல்வியென்றே அதனைக் கூறல் வேண்டும். ஆயினும் செரசோல் அவ்வழியை விட்டாரல்லர். 1927 இல் றைன் நதி பெருகி லீக்கன்ஸ்ரைன் என்னும் சிறுநாட்டின் வயல்களைக் கல்லாலும் மணலாலும் மூடியபோது, அடுத்த ஆண்டில் எழுநூற்றுக்கு மேற்பட்ட தொண்டர் பல நாடுகளிலிருந்தும் வந்து அவற்றைத் துப்புரவு செய்தனர். சர்வதேசக் குடிசார் சேவை என்று பெயர் பெற்ற இவ்வியக்கம் எத்திருச்சபைக்கும் உரியதன்று; சமயம் வினவாது எவரையும் ஏற்றது. ஆயினும் அதன் ஊற்று கிறித்தவப் பற்றே என்பதில் ஐயமில்லை. செரசோல் தாமும் 1936 இற் குவேக்கராயினார்.

ஐரோப்பாவுக்கு வெளியே அவ்வியக்கம் முதன்முதற் சென்ற இடம் பீகார். 1934 சனவரி 15 ஆந் திகதி நிகழ்ந்த நிலநடுக்கத்திற் பதினாயிரவருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலம் பிளந்து உமிழ்ந்த மணல் வயல்களை மூடியது; கிணறுகள் தூர்ந்தன; சிலவிடங்களில் நிலமட்டமே மாறியமையால், முன்னர் வெள்ளங்காணாத ஊர்களும் வெள்ளத்துக்கு இலக்காயின. (தீண்டாமைப் பாவத்தின் பயனே இப்பேரிடர் என்று காந்தியடிகள் கூறியதும், கவி தாகூர் அதனைக் கடிந்து மறுத்ததும் அப்போதைய நிகழ்ச்சிகளே.) 1931 டிசம்பரிற் காந்தியடிகள் சுவிற்சர்லாந்திலே றோமெயின் றோலண்டின் விருந்தினராய்த் தங்கியபோது செரசோல் அவரைக் கண்டு பழகியிருந்தார். அத்தொடர்பும் அவரைப் பீகாருக்கு ஈர்த்தது.

இந்தியாவிற் கூலியாட்களுக்குப் பஞ்சமுண்டோ? மண் சுமப்பதற்கு இலட்சக்கணக்கானோர் இருந்த நாட்டிற்கு, வெயிலுக்குப் பழகாத ஐரோப்பியர் கப்பலேறி வந்து கூடை தூக்குதல் நகைப்புக்குரியதென்று எவரும் சொல்லியிருக்கலாம். கைகளின் தொகையை மட்டும் எண்ணினால் அது நியாயமே. செரசோலின் குழுவோ மிகச் சிறிது. கூட வந்தோர் ஒரு சிலரே. ஆனால் அவர்கள் தங்கியது வாரக்கணக்கிலன்று. 1934 தொடக்கம் 1937 வரை, முசபர்பூர்ப் பகுதியில், வெள்ளத்துக்கு அஞ்சிய மக்களை மேட்டுநிலத்திற் குடியேற்றிப் புதுக்கிராமங்கள் அமைக்கும் வேலையில் அவ்வியக்கம் ஈடுபட்டது. அவற்றுள் ஒன்று சாந்திபூர் என்று பெயர் பெற்றது. மேலும், அவர்கள் தனித்தியங்கினாரல்லர். சிறையினின்றும் அப்போதுதான் வெளிவந்த இராசேந்திர பிரசாத்து அவர்களின் தலைமையிலே பீகார் மத்திய நிவாரணக் குழு இயங்கியது. மறுபுறம், அவரைச் சிறையிட்ட அரசாங்கம் இருந்தது. இவ்விரு தரப்பாரும் ஒருவரையொருவர் ஐயுற்ற காலத்தில், இரு தரப்பாரோடுங் கலந்து வேலை செய்தமை எளிதான காரியமன்று. வெள்ளைக்காரர் என்றால் குதிரைமேலோ மோட்டார் வண்டியிலோ வரும் அதிகாரியென்றே அறிந்திருந்த கிராமத்தார், மண்வெட்டியோடு தம் அருகே நின்ற வெள்ளைக்காரரைக் கண்டனர். குடியேற்ற ஆட்சியின் காலத்தில் அக்காட்சிக்கு ஒரு பொருளிருந்தது. கூடையிற் சுமந்த மண்ணின் நிறையால் அதனை அளக்கவியலாது.

நம் புராண மரபை அறிந்தோர்க்கு இங்கே வந்தியின் கதை நினைவுக்கு வருதல் கூடும். வையைக்கரையை அடைக்க மண் சுமந்த பெருமான், கொடையாளனாய் வந்தாரல்லர். அக்கிழவியின் பங்கை அடைப்பதற்குப் பிட்டுக்கு அமர்த்திய கூலியாளாகவே வந்தார். பிரம்படியும் பட்டார். தொண்டனுடைய நிலை இன்னதென்று கூற அதனினும் பொருத்தமான கதை கிடைப்பது அரிது.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் இப்பணியின் உருவம் மாறியது. ஆகாயப் பயணம் எளிதாயிற்று. கோடை விடுமுறையில் மாணாக்கர் கடல்கடந்து சென்று திரும்புதல் இயலுவதாயிற்று. நியூயோர்க்கின் ஆர்லத்திற் பிரெசுபிற்றீரியன் போதகராயிருந்த யேம்சு றொபின்சன் என்னும் கறுப்பின அறிஞர் 1958 இல் ஏறத்தாழ அறுபது மாணாக்கரை மேற்கு ஆபிரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். கறுப்பரும் வெள்ளையரும் ஒருங்கு சென்று ஆபிரிக்க இளைஞரோடு சேர்ந்து கட்டடங்கள் எழுப்பினர். 1961 இல் அமெரிக்க அரசு சமாதானப்படையை அமைத்தபோது இதனையே முன்னோடியாய்க் கொண்டதென்பர்.

இம்முயற்சிகள் பெருகிவந்த வேளையிற் கண்டனம் திருச்சபையின் உள்ளிருந்தே எழுந்தது. 1968 ஏப்பிரல் 20 ஆந் திகதி, மெக்சிக்கோவிலுள்ள குவர்நவாக்கா நகரில், அந்நாட்டுக் கிராமங்களிற் கோடைத் தொண்டாற்ற வந்த அமெரிக்க மாணாக்கரின் கூட்டத்தில் ஐவன் இலிச்சு உரையாற்றினார். அவர் கத்தோலிக்கக் குரு. விருந்தினரைப் புகழ்தலாகிய வழக்கத்தை அவர் கைக்கொள்ளவில்லை. நல்லெண்ணம் மட்டும் தகுதியாகாது. கிராமத்தார் பேசுவது விளங்காத உங்களால் அவர்கள் உங்களை எள்ளுவதைக் கூட அறியவியலாது. காண வாருங்கள், கற்க வாருங்கள், உதவவென்று வராதீர்கள் என்பதே அவ்வுரையின் சாரம். அது மிகையாகப் பேசப்பட்டதே. ஆயினும் மொழியைப் பற்றி அவர் கூறியது மறுக்கவியலாதது. மானிப்பாயிலே தமிழ் பயின்று, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய கிறீன் வைத்தியரை அறிந்த நமக்கு அதன் நியாயம் உடனே விளங்கும்.

அதே ஆண்டில், அமெரிக்காவின் யோர்சியா மாநிலத்தில் வேறொரு வழி தோன்றியது. அங்கே 1942 இல் கிளாறன்சு யோடன் என்னும் பற்றிஸ்து அறிஞர் தொடங்கிய கொயினோனியாப் பண்ணையிற் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்ந்தனர். அதன் பொருட்டுத் துப்பாக்கிச் சூட்டையும் வணிக விலக்கையும் ஏற்றனர். அவரும், தம் செல்வத்தைத் துறந்து வந்த மில்லாட் புல்லர் என்னும் வழக்கறிஞரும் 1968 இல் ஒரு திட்டம் வகுத்தனர். வீட்டை ஏழைக்கு இலவசமாய்க் கொடுத்தலாகாது. இலாபமும் வட்டியுமின்றி விற்றல் வேண்டும். மீளச் செலுத்தும் பணத்தால் அடுத்த வீடு எழும். வீட்டுக்குரிய குடும்பத்தாரும் தொண்டரோடு நின்று உழைத்தல் வேண்டும். யோடன் 1969 இற் காலமானார். புல்லர் 1973 இற் குடும்பத்துடன் சாயீர் நாட்டின் முபண்டாக்கா நகருக்குச் சென்று மூன்றாண்டுகள் தங்கி அத்திட்டத்தை நடாத்தினார்; மீண்டு வந்து 1976 இல் அபிற்றாற் என்னும் நிறுவனத்தை அமைத்தார். இத்திட்டத்தில் வீட்டுக்காரன் இரவலனல்லன், கடனாளி. கடனாளிக்குக் கேள்வி கேட்கும் உரிமையுண்டு.

எல்லாக் குழுக்களும் இவ்வழியைப் பின்பற்றவில்லை. 1998 இல் மிச்சுச் சூறாவளி ஹொண்டுராஸ் நாட்டை அழித்தபின் வட அமெரிக்கத் திருச்சபைக் குழுக்கள் பல அங்குச் சென்று வீடு கட்டின. அந்நாட்டிற் பல்லாண்டு வாழ்ந்த கேட் வெர் பீக் என்னும் கிறித்தவச் சமூகவியலாளர் அவ்வீடுகளையும், உள்நாட்டுக் கிறித்தவ நிறுவனங்கள் கட்டிய வீடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 2006 இல் முடிபுகளை வெளியிட்டார். குடியிருந்தோர் வாழ்விற் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் அவர் கண்டிலர். ஒரு வீட்டின் செலவு ஏறத்தாழ 2,000 டொலர். கட்டவந்த ஒரு குழுவின் செலவு ஏறத்தாழ 30,000 டொலர். தொண்டர்கள் தம் வாழ்வே மாறியதென்று எழுதினர். அவர்கள் பின்னர் அளித்த கொடைகளின் கணக்கை நோக்கியபோது அம்மாற்றம் பெரிதும் புலப்படவில்லை.

பயணமின்றேல் அப்பணமே திரண்டிராது என்பார் கூற்றைப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. கண்டறியாத ஊருக்குப் பொருள் கொடுப்போர் சிலரே. ஆயினும், பதினைந்து வீடுகளுக்குரிய பணத்தைச் செலவிட்டு வந்த விருந்தினர் சுவரெழுப்ப, அதே ஊரின் கொத்தனார் சூறாவளியில் தொழிலிழந்து அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாராயின், அவ்வூரார் அதனை எவ்வாறு கணித்திருப்பர்?