டால்ஸ்டாய் பண்ணை

டால்ஸ்டாய் பண்ணை: தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஏறத்தாழ 21 மைல் தொலைவில், லாலி ரயில் நிலையத்துக்கு அருகே 1910 முதல் 1913 வரை இயங்கிய கூட்டுவாழ்க்கைக் குடியிருப்பு. காந்தியும் அவருடைய நண்பரான கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக்கும் இதை அமைத்தனர். அங்கு வாழ்ந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெரும் இடம் உண்டு.

முன்வரலாறு: 1904இல் டர்பனுக்கு அருகே நூறு ஏக்கரில் காந்தி தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு இதற்கு முன்னோடி. ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூலைப் படித்த வேகத்தில் எழுந்தது அது. டால்ஸ்டாய் பண்ணையைத் தோற்றுவித்ததோ நடைமுறை நெருக்கடி. ஆசியர் பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றோரின் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் கொடுத்துவந்தனர். தேவை வீட்டுக்கு வீடு வேறுபட்டதால் நியாயமாகப் பங்கிடுவது கடினமாயிற்று, நிதியும் கரைந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஓரிடத்தில் உழைத்துச் சேர்ந்துண்பதே வழி என்று காந்தி கருதினார். 1910 மே மாத இறுதியில் காலன்பாக் தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தை, போராட்டம் நீடிக்கும்வரை வாடகையின்றித் தந்தார். பெயரிட்டவர் காலன்பாக் என்பதே பரவலான கருத்து.

நிலமும் தோட்டமும்: ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் என ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள் அங்கு முன்பே இருந்தன. பருவகாலத்தில் எல்லாரும் வயிறாரத் தின்ற பிறகும் பழம் மிஞ்சியது. இரண்டு கிணறுகளும் ஓர் ஊற்றும் இருந்தன. ஊற்று குடியிருப்பிலிருந்து சுமார் ஐந்நூறு கஜம் தள்ளி இருந்ததால் காவடி கட்டித் தண்ணீர் சுமந்தனர். வேலைக்காரர் கிடையாது. தோட்டவேலை, சமையல், துப்புரவு அனைத்தும் குடியிருந்தோர் பொறுப்பே. குப்பையையும் மலத்தையும் குழிகளில் புதைத்து எருவாக்கினர். இத்தனை பேர் வாழ்ந்த இடத்தில் ஈத்தொல்லையே இல்லை என்று காந்தி பெருமையோடு பதிந்திருக்கிறார்.

அன்றாட வாழ்க்கை: பண்ணையைப் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி காந்தியின் ‘தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்’ நூலிலிருந்தும் தன்வரலாற்றிலிருந்தும் வருவது. இரண்டும் பத்தாண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதப்பட்டவை என்பதால் எண்ணிக்கைகளைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். அவர் கணக்கில் இளைஞர் நாற்பது பேர், முதியவர் இரண்டு மூன்று பேர், பெண்கள் ஐவர், பிள்ளைகள் இருபது முதல் முப்பது பேர். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர் எனப் பல சமயத்தவர். தமிழர், தெலுங்கர், குஜராத்தியர், வட இந்தியர் எனப் பல மொழியினர்.

சமையலறை ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு ரொட்டியும் கோதுமைக் காப்பியும். பதினொன்றுக்குச் சோறு, பருப்பு, காய்கறி. மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், அல்லது மீண்டும் ரொட்டியும் காப்பியும். எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டு, அவரவர் பாத்திரத்தை அவரவரே கழுவினர். இறைச்சி உண்டு பழகிய கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களிடம் காந்தி முதலில் கருத்துக் கேட்டார். அவர்கள் சம்மதித்த பிறகே சமையல் சைவமாயிற்று. ரமலானில் முஸ்லிம் பிள்ளைகளோடு மற்றவர்களும் பகலுணவைத் தவிர்த்தனர்.

பொதுவேலையாக நகருக்குச் செல்வோர்க்கு மட்டும் ரயில் கட்டணம், அதுவும் மூன்றாம் வகுப்பில். சொந்த விருப்பத்துக்குப் போவோர் நடக்க வேண்டும். பின்னிரவு இரண்டு மணிக்கே எழுந்து கிளம்புவார்கள். மரியன்ஹில் துறவியர் மடத்தில் செருப்புத் தைக்கக் கற்றுவந்த காலன்பாக், அதைக் காந்திக்கும் கற்பித்தார். பண்ணையில் தைத்த செருப்புகள் நண்பர்களுக்கு விற்கப்பட்டன.

பள்ளி: பிற்பகலில் வகுப்பு நடந்தது. தமிழ்ப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். பேச்சு ஓரளவு வரும், எழுத்து அறியார். அவர்களுக்குத் தமிழ் எழுத்தையும் அடிப்படை இலக்கணத்தையும் கற்பித்தவர் காந்தி. போப் எழுதிய தமிழ்க் கையேட்டைக் கப்பல் பயணங்களிலும் சிறையிலும் படித்துப் பெற்றதே அவருடைய தமிழறிவு. பேச்சில் பிள்ளைகள் அவரை எளிதாக மிஞ்சினர். ஆங்கிலம் தெரியாத தமிழர் அவரைக் காண வந்தால் மாணவர்களே மொழிபெயர்த்தனர். குடியேறிகளின் தமிழ்க் கல்வி வரலாற்றில் இந்த வகுப்புக்கு இன்னும் விரிவான இடம் தரப்பட வேண்டும்.

முடிவு: 1912இல் இந்தியத் தலைவர் கோகலே பண்ணைக்கு வந்தார். 1913 ஜனவரியில் காந்தி பீனிக்ஸுக்குத் திரும்பினார். பண்ணை அத்துடன் முடிந்தது என்பது பொதுவான கணிப்பு. அதே ஆண்டு, முன்பு பண்ணையில் வாழ்ந்த பெண்கள் நேட்டால் எல்லையைக் கடந்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். காந்தி பெயர் குறிப்பிடும் பதினொருவரில் ஒருவர் தவிர மற்றவர் தமிழர். சிலர் கைக்குழந்தையோடு சென்றனர்.

பிற்காலம்: கட்டடங்கள் சிதைந்தன, அண்மைக் காலத்தில் நினைவிடமாக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. பண்ணையில் கண்ட கூட்டுழைப்பு வேறிடங்களிலும் தொடர்ந்தது. பீனிக்ஸ் குடியிருப்பின் பிள்ளைகள் 1914–15இல் சாந்திநிகேதனில் தங்கியிருந்தனர். 1915 மார்ச் 10 அன்று, காந்தியின் தூண்டுதலால் அங்கு மாணவர்களே சமையலையும் துப்புரவையும் ஏற்றது இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. அதே சாந்திநிகேதனில் பயின்ற கே. விஸ்வநாதன், 1956இல் கேரளத்தில் நெய்யாற்றின்கரைக்கு வடக்கே வெள்ளநாட்டில் மித்ரநிகேதனைத் தொடங்கினார். பள்ளியும் விளைநிலமும் தொழிற்கூடமும் சேர்ந்த ஊர்ப்புறக் குடியிருப்பு அது. அவர் 2014இல் மறைந்தார்.