சங்கரன்கோவில் பள்ளிக்கூட வாய்க்காலும் மன்னார் வளைகுடாவும்

எங்க ஊர்ல கடல் கிடையாது. தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பஸ் ஏறினால்தான் கடல். பள்ளியில் மன்னார் வளைகுடாவை மேப்பில் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் எங்க மைதானத்துத் தண்ணி அந்தப் பக்கம்தான் போகுதுன்னு யாரும் சொன்னதில்லை. நாற்பது வயசுக்கு மேல், வரைபடங்களை வைத்துக்கொண்டு ஓடைகளைத் தேட ஆரம்பித்தபோதுதான் எனக்கே உறைத்தது.

நமக்கு வடக்கே கரிவலம்வந்தநல்லூர் வழியாக ஓடும் நிட்சேப நதி வைப்பாற்றில் சேருகிறது. வைப்பாறு சாத்தூர், விளாத்திகுளம் தாண்டிக் கடலுக்குப் போகிறது. தெற்கே சிற்றாறு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து புன்னைக்காயலில் கடலை அடைகிறது. எந்தப் பக்கம் சரிந்து ஓடினாலும் முடிவு மன்னார் வளைகுடாதான்.

அங்கே 21 தீவுகளைச் சேர்த்து 1986ல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். பவளப்பாறையும் கடல்புல்லும் நிறைந்த இடம். பவள உயிரிக்குள் நுண்பாசி வாழ்கிறது. அது வெயிலில் சமைத்துத் தருவதுதான் பவளத்துக்கு முக்கியமான சாப்பாடு. வண்டல் கலங்கி வந்தால் வெளிச்சம் மறையும். உரச்சத்தும் சாக்கடையும் வந்தால் வேறு பாசி படர்ந்து பவளத்தை மூடும். சாஃப்ட்வேர்ல ஒரு பாடம் உண்டு: பிரச்சினை வெடிக்கிற இடம் வேறு, ஆரம்பிச்ச இடம் வேறு. இங்கேயும் அதே கதைதான்.

அந்தக் காலத்தில் இடையில் ஒரு வடிகட்டி இருந்தது. குளங்கள். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளம். ஒவ்வொன்றிலும் வண்டல் படியும். கோடையில் அந்தக் கரம்பையை வண்டி கட்டி அள்ளி வயலில் போடுவார்கள். இந்தக் குடிமராமத்து வழக்கத்தை, செய்யாவிட்டால் பணம் வசூலிக்கும்படி 1858ல் மதராஸ் மாகாணத்தில் சட்டமாகவே எழுதினார்கள். கடலைக் காப்பாத்தணும்னு யாரும் நினைச்சுச் செய்யவில்லை. ஆனாலும் கடலுக்குப் போகும் மண் வழியிலேயே நின்றது. இன்று பல வரத்துக்கால்கள் சாக்கடையாகிவிட்டன.

சரி, பள்ளிக்கூடம் எங்கே வருது?

எம்.சி. மேத்தா வழக்கில் 1991ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2001-02ல் தேசிய பசுமைப் படை வந்தது. 2003ல் தமிழகத்தில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. பாடம், படை, குழி மூன்றும் வந்துவிட்டன. ஆனால் மூன்றையும் யாரும் சேர்த்து முடிச்சுப் போடவில்லை. பாடம் பரீட்சையோடும், படை மரக்கன்று போட்டோவோடும் நின்றுவிடுகின்றன. குழி பல இடங்களில் தூர்ந்தே கிடக்கிறது.

அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவுக்காக 2000ல் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். நீர்ப்பிடிப்புப் பகுதியில் உள்ள ஒவ்வொரு மாணவரும் பள்ளி முடிப்பதற்குள் விரிகுடாவிலோ பக்கத்து ஓடையிலோ நேரில் இறங்கிப் படிக்க வேண்டும் என்பது அதில் ஒரு இலக்கு. கையெழுத்திட்டவற்றில் பென்சில்வேனியாவும் ஒன்று. அந்த மாநிலத்துக்கு விரிகுடாவில் கரையே கிடையாது, நம்ம சங்கரன்கோவில் மாதிரி.

நம்ம கணக்குக்கு வருவோம். கூரையும் சிமென்ட் தளமுமாக 1,000 சதுர மீட்டர் உள்ள பள்ளியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 25,000 லிட்டர். ஐப்பசி மழைக்கு முன்னால் குழியைத் தூர்வாரி, மைதானத்தின் தாழ்ந்த ஓரத்தில் புல் வரப்பு ஒன்று போட்டால் அதில் நல்ல பங்கு அங்கேயே இறங்கும். குப்பையை மழைக்கு முன்பே கூட்டி அள்ளிவிட வேண்டும், ஏன்னா முதல் மழைதான் அதிக அழுக்கை அடிச்சிட்டுப் போகும். வாய்க்கால் தண்ணியைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒருநாள் அசையாமல் வைத்து, அடியில் படியும் மண்ணை ஸ்கேலால் அளந்து வருஷா வருஷம் எழுதி வைக்கலாம். செலவு கிடையாது.

பள்ளிக்கூடத்தால் ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்க முடியாது. அது நகராட்சி வேலை. வயல் உரத்தையும் நிறுத்த முடியாது. ஆனால் பத்து வருஷ பாட்டில் கணக்கு ஒரு பள்ளியின் நோட்டில் இருந்தால், நகராட்சியிடம் கேள்வி கேட்க ஊர்க்காரன் கையில் ஒரு தாள் இருக்கும். இன்றைக்கு நம்மிடம் அது இல்லை.

அடுத்த மழையில் நீங்க படிச்ச பள்ளி வாசலில் நின்று, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு மட்டும் பாருங்க. நான் பார்த்துட்டேன்; எங்களோடது ரோட்டோரச் சாக்கடைக்குத்தான் போகுது.